கொளுத்தாத தீவட்டி

ஒரு நிரபராதியை மாட்டிவிட எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. வேலிக்குள் கையை விட்டேன். நீளமான மூங்கில் கழி ஒன்றை வெளியே இழுத்தேன். "டீச்சர், இங்க பாருங்க இத" என்று தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அதுவரை மாரியப்பன் மீது இருந்தது வெறும் சந்தேகம். நான் வாயை மூடியபோது அதற்கு ஒரு சாட்சிப் பொருளும் சேர்ந்துவிட்டது.

கழியின் நுனியில் கோணிச்சாக்கைச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி, கழிவு எண்ணெயில் ஊற வைத்திருந்தார்கள். கதண்டுக் கூட்டைக் கொளுத்துகிறவர்கள் வைத்திருக்கும் தீவட்டி அது. கதண்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது பெரிய சாதிக் குளவி. ஒன்று கொட்டினால் ஆஸ்பத்திரி, கூட்டமாகக் கொட்டினால் காரியம்.

அன்று சனிக்கிழமை. இடம், திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் இருக்கும் அவுரி பங்களா. வெள்ளைக்காரர்கள் அவுரி காய்ச்சிச் சாயம் எடுத்த காலத்துக் கட்டடம். கலைப்பிரியா என்ற பெண் அதைக் குத்தகைக்கு எடுத்து, சுண்ணாம்பு அடித்து, தோட்டத்தைச் சீர் செய்து, கல்யாணங்களுக்கு விட ஆரம்பித்திருந்தாள். மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு இலை போடுவதை விட, பழைய பங்களாவில் ஐம்பது பேரோடு மரத்தடியில் தாலி கட்டுவதுதான் இப்போது பெருமை. நான் முன்பு கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதியவன். ஐம்பது பேர் கல்யாணம் என்றால் என் காலத்தில் ஓடிப்போய்ச் செய்துகொண்ட கல்யாணம் என்று அர்த்தம்.

இது அந்த பங்களாவின் முதல் கல்யாணம். மணப்பெண் சன்மதி, செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண். தமிழ் ஜைனர்களை எங்கள் பக்கம் நயினார் என்போம். மாப்பிள்ளை இனியவன். அவனுடைய ஆட்கள் பரம்பரையாக இதே அவுரித் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். இருவரும் விழுப்புரத்தில் ஒரே கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் இருவருக்கும் பாதி உயிர் போயிருந்தது. ஆள் குறைந்தால் பேசுகிற வாயும் குறையும் என்றுதான் சின்னக் கல்யாணமாக ஏற்பாடு செய்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் குளத்தங்கரைப் பனைமரத்தடியில் மேடை போட்டுக்கொண்டிருந்தபோது, மரத்து மட்டைகளுக்குள் கூடு கட்டியிருந்த கதண்டு கலைந்தது. பெண்ணின் சித்தப்பா ஜினேந்திரன் மாட்டிக்கொண்டார். அவரைக் காரில் தூக்கிப் போடும்போது, மாப்பிள்ளையின் தாய்மாமன் மாரியப்பனைக் காட்டி, "இவன்தான் கலைச்சான்" என்று சொல்லிவிட்டு மயங்கினார். இப்போது விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மாரியப்பன் மீது பெண் வீட்டாருக்கு ஏற்கெனவே ஒரு கண். முந்தின நாள் பங்களா வாசலில் நின்று, தன் அப்பா காலத்தில் இந்த கேட்டுக்குள் செருப்போடு வர முடியாது என்று அவர் சத்தமாகச் சொல்லியிருந்தார். பழைய பகையை மனதில் வைத்துக்கொண்டு செய்துவிட்டான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் உண்மை தெரியாவிட்டால் போலீஸில் எழுதிக் கொடுப்போம் என்று பெண் வீட்டு உறவினர்கள் நின்றார்கள். தாய்மாமன் ஸ்டேஷனில் இருக்கும்போது மாப்பிள்ளை தாலி கட்ட மாட்டான். மறுநாள் காலை முகூர்த்தம். கலைப்பிரியா பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டிருந்தாள்.

எங்களை என்றால் ராஜமதி டீச்சரையும் என்னையும். டீச்சர் ஹைஸ்கூலில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். அவரும் நயினார்தான். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஆகாது. பொழுது சாய்ந்தால் வாயில் ஒன்றும் போட மாட்டார். எங்கள் ஆபீஸில் தலைமறைவாக நடக்கிற ஒரே காரியம் நான் வெங்காய பஜ்ஜி தின்பதுதான். என் பெயர் இருதயராஜ்.

நான் கத்தியதும் எல்லோரும் ஓடிவந்தார்கள். மாரியப்பன் மட்டும் வரவில்லை. வேப்பமரத்தடியில் சட்டையில்லாமல் குந்தியிருந்தார். அவருக்கும் கொட்டியிருந்தது. இரண்டு கைகளும் பொம்மென்று வீங்கியிருந்தன. அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. என் கையிலிருந்த தீவட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இதுவும் வரும் என்று தெரிந்தவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இனியவன் எங்களிடம் வந்தான். "எங்க மாமா பண்ணியிருக்க மாட்டாரு" என்றான். சொல்லும்போது அவன் கண் மாமா பக்கம் போகவே இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண்ணின் அப்பா ஸ்ரீசந்திரன் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்தபடி இருந்தார். தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் தீவட்டியை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"கருகவே இல்லயே இருதயம்."

"அணைச்சிட்டுப் போட்டிருப்பான் டீச்சர்."

"அணைச்சா கரி இருக்கும். இது தீக்குச்சியே பாக்கல. கூட்டக் கலைக்கணும்னு கொண்டாந்தவன் ஏன் பத்த வெக்காம வேலிக்குள்ள சொருவிட்டுப் போறான்?"

பிறகு கட்டுக்கம்பியில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தைக் காட்டினார். குங்குமம் தடவிய பழம். அதன் கீழே மடித்துச் செருகிய ஒரு குங்குமப் பொட்டலத்தில் திருவக்கரை வக்கிரகாளியம்மன் படம் அச்சடித்திருந்தது. கொல்லப் போவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற ஆள் ஒருவர் திருவக்கரையில் இருக்கிறார், அவரைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும் என்றார். போலீஸ் விஷயத்துக்காகச் சொல்கிறார் என்று நான் ஸ்கூட்டரை விரட்டினேன். பாதி வழியில்தான் அவர் சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்று உறைத்தது.

திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கும் பூங்காவைத் தாண்டித்தான் கோயில். மரம் கல்லாகக் கோடிக்கணக்கான வருஷம் ஆகுமாம். நான் பார்த்த சாட்சிகள் எல்லாம் ஒரே கேள்வியில் கல்லாகியிருக்கிறார்கள். ஆனால் குங்குமக் கடைக்காரம்மா அப்படி இல்லை. கதண்டு கொளுத்தப் போகும்போதெல்லாம் எலுமிச்சம்பழம் வாங்கிப் போகிற ஆள் யார் என்று கேட்டதும், தெருக்கோடியில் இருக்கும் தாண்டவராயன் வீட்டைக் கையைக் காட்டிவிட்டார்.

தாண்டவராயன் முறத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். மரம் ஏறுகிற உடம்பு. டீச்சர் வந்த விஷயத்தைச் சொன்னதும் மறைக்கவில்லை.

"என்துதாம்மா அது. வெள்ளிக்கெழம இருட்டற நேரத்துல போனேன். ஆனா கொளுத்தல."

யார் வரச் சொன்னார்கள் என்று டீச்சர் கேட்டார். தாண்டவராயன் தலையை ஆட்டினார்.

"பேரு மட்டும் கேக்காதீங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு கைமேல அடிச்சிக் குடுத்துட்டேன். பெரிய மனுசன். பேசறப்பவே கண்ணு கலங்கிப் போச்சி அவருக்கு. நான் கொளுத்தப் போறது பூச்சிய. அவரு இன்னாடான்னா எழவு வூட்ல நிக்கற மாதிரி நின்னுகினு இருந்தாரு."

மீதியை டீச்சர் கேட்டுக் கேட்டு வாங்கினார். பங்களாவின் பக்கவாட்டு கேட்டில் ஒரு ஆள் பைக்கில் வந்து அவரை மறித்திருக்கிறான். தலையில் ஹெல்மெட். முகம் தெரியவில்லை, குரலும் அமுங்கித்தான் வந்தது. கொளுத்த வேண்டாம், போய்விடுங்கள் என்றிருக்கிறான். வரச் சொன்னவர்தான் மனசு மாறி ஆள் அனுப்பியிருக்கிறார் என்று தாண்டவராயன் நினைத்துக்கொண்டார். அங்கே வந்து எண்ணெயில் ஊற வைத்த கழியைத் திரும்பிப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டார் என்று வேலியில் செருகிவிட்டு வந்திருக்கிறார்.

"வெறும் வயித்தோட போவாதீங்கன்னு ஒரு பொட்டலம் குடுத்தான்மா. நல்ல புள்ள யாரோ."

"இன்னா இருந்திச்சி அதுல?"

"எலுமிச்ச சாதம், வாழக்கா வறுவல், பாசிப்பருப்புக் கூட்டு. வெங்காயத்தக் கண்ணால காணோம். பூண்டும் இல்ல. நல்லாத்தான் இருந்திச்சி, ஆனா எதையோ தேடிக்கினே தின்னேன்."

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

கல்யாண வீட்டில் இரண்டு சமையல் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று. பெண் வீட்டாருக்கு வெங்காயம், பூண்டு இல்லாத தனிச் சமையல். அந்தப் பந்தி பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். அப்படியானால் ஹெல்மெட்காரன் கொடுத்தது பெண் வீட்டுச் சாப்பாடு. திரும்பும் வழியில் நான் கேஸை முடித்தே விட்டேன். வரவழைத்தவர் நயினார், மனசு மாறித் திருப்பி அனுப்பியவரும் அதே நயினார், கூடு மரத்திலேயே தங்கிவிட்டது, மாரியப்பன் பாவம் என்றேன். அடுத்த தடவை சம்பளத்தில் பாதி எனக்கு என்றும் சேர்த்துக்கொண்டேன்.

டீச்சர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். சோடா கேட்பார் என்று நினைத்தேன்.

"அவரு அந்த சாப்பாட்டச் சொல்லச் சொல்ல, அதுல ஒரு வெங்காயமாவது இருக்கக் கூடாதான்னு நெனச்சேன் இருதயம்."

"எதுக்கு டீச்சர்?"

"இருந்திருந்தா தப்பு அந்தப் பக்கம் போயிருக்கும். எங்க ஜனம் தப்பிச்சிருக்கும். அங்க அந்த மனுசன் வீங்கின கையோட உக்காந்துகினு இருக்காரு. எனக்கு இப்பிடி ஒரு நெனப்பு வருது பாரு."

வண்டியைக் கிளப்பினேன்.

பங்களாவுக்குத் திரும்பியதும் டீச்சர் கலைப்பிரியாவைத் தனியே அழைத்து, கதண்டுக் கூடு இருக்கிற மரத்தடியில் மேடை போட யார் சொன்னது என்று கேட்டார். அவள் கொஞ்சம் விழித்தாள். பனைமரத்தடியில் மேடை போட வேண்டும் என்பது சன்மதியின் ஆசை. கூட்டைப் பார்த்த பிறகு, வியாழக்கிழமை எல்லோரும் பேசி, முன்புறம் மாமரத்தடிக்கு மாற்றியிருந்தார்கள். சனிக்கிழமை விடிந்ததும் ஸ்ரீசந்திரன் வந்து, பொண்ணு ஆசைப்பட்ட இடத்திலேயே போடுங்கள், பயமில்லை என்று பந்தல்காரர்களிடம் சொல்லியிருக்கிறார்.

"காலையிலேயே இத ஏம்மா சொல்லல?" என்றார் டீச்சர்.

"கல்யாண வீட்டுப் பெரியவருங்க. மொதல் கல்யாணம் வேற. நான் எப்பிடிங்க அவர கை காட்டுறது?" என்றாள் கலைப்பிரியா. சொல்லிவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தாள், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. இரண்டு வீட்டாரும் தாழ்வாரத்தில் கூடினார்கள். மாரியப்பன் மட்டும் எதிரே வேப்பமரத்தடியிலேயே இருந்தார். ஜினேந்திரன் கண் திறந்துவிட்டார், உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. அதனால் கவலை குறைந்து கோபத்துக்கு இடம் கிடைத்திருந்தது. தட்டில் டீ வந்தது. பெண் வீட்டார் வேண்டாம் என்று கையசைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். நான் இரண்டு வீட்டையும் சேராதவன் என்பதால் இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டேன்.

டீச்சர் முதலில் மாரியப்பனிடம் சட்டையை எப்போது கழற்றினீர்கள் என்று கேட்டார். மரத்தில் கயிறு கட்டும்போது, வேர்வைக்கு என்றார் அவர்.

"கதண்டக் கலைக்கப் போறவன் இருக்கற துணியெல்லாம் சுத்திக்கினு போவான். இவரு இருந்ததையும் கழட்டி வெச்சிட்டு நின்னிருக்காரு. கயிறு இழுத்த ஆட்டத்துல கூடு கலைஞ்சிருக்கு" என்றார் டீச்சர் கூட்டத்தைப் பார்த்து. "இந்தத் தீவட்டியும் அவருது இல்ல. கொண்டாந்தவர நாங்க பாத்துட்டு வர்றோம். கூட்டக் கொளுத்தச் சொல்லி அவர வரவழைச்சவரு இங்கதான் இருக்காரு. நான் சொல்லணுமா?"

ஸ்ரீசந்திரன் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான்தான்" என்றார். "அங்கதான் தாலி கட்டணும்னு கொழந்த ஆசப்பட்டா. கொளுத்தச் சொன்னேன். கொளுத்திட்டாங்கன்னு நெனச்சிதான் காலையில மேடைய அங்க போடச் சொன்னேன்."

பெண் வீட்டுக் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நடக்கும்போதே எறும்பு பார்த்து நடக்கிறவர்கள். ஒரு வயதான அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

டீச்சரின் குரல் இறங்கியது. "மரம் கருகவே இல்லயே. கூடும் அப்பிடியே இருந்திச்சி. ஒரு தடவ அண்ணாந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

"பாக்கல" என்றார் ஸ்ரீசந்திரன். "பாக்க முடியல டீச்சர். எத்தினி உசுரு அதுல. எரிக்கச் சொல்லிட்டு அந்த எடத்த எப்பிடி நிமுந்து பாக்கறது? தலையக் குனிஞ்சிக்கினேதான் இங்க போடுங்கன்னு சொன்னேன்."

மாரியப்பனைப் பிடித்தபோது ஏன் பேசவில்லை என்று டீச்சர் கேட்டார். பேசினால் தான் செய்தது தன் ஜனத்துக்குத் தெரிந்துவிடும் என்று பயந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு மாரியப்பன் பக்கம் கை கூப்பினார். மாரியப்பன் அந்தக் கைகளைப் பார்த்தார்.

கேஸ் முடிந்தது என்று நான் இரண்டாவது டம்ளரை எடுத்தேன். டீச்சர் உட்காரவில்லை.

"தீவட்டிக்காரரு வந்தாரு, ஆனா கொளுத்தல. கேட்டாண்டயே ஒருத்தரு அவரத் திருப்பி அனுப்பிட்டாரு. அது நீங்களா?"

ஸ்ரீசந்திரன் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் பொய் இல்லை. "திருப்பி அனுப்பினாங்களா? யாரு?" என்றார்.

என் கேஸ் அங்கேயே கவிழ்ந்தது. சம்பளத்தில் பாதியும் அதோடு போனது.

டீச்சர் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னார். பெண் வீட்டுச் சமையல், வெங்காயம் இல்லாத எலுமிச்சை சாதம். வந்தவர் பசித்திருக்கக் கூடாது என்று ஒருவர் தன் சாயங்காலச் சாப்பாட்டை முழுசாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

"பொட்டலத்தப் பிரிக்காமயே குடுத்துட்டாருன்னா, அவருக்கு அது இனிமே ஒதவாது. பொழுது சாஞ்சிட்டுது, சாப்புட முடியாது. எங்க ஜனம் அன்னிக்கி வெளிச்சத்துலயே பந்தியில உக்காந்து சாப்ட்டாங்க. அதனால நான் கேக்கறது ஒண்ணுதான். வெள்ளிக்கெழம ராத்திரி பட்டினி கெடந்தது யாரு?"

டீச்சர் டம்ளர்களைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் எல்லா டம்ளரும் காலி. ஒன்று மட்டும் விளிம்பு வரை நிரம்பி, மேலே ஆடை கட்டிக் கிடந்தது. அது இனியவன் காலடியில் இருந்தது.

"கவலையில குடிக்காதவங்க டம்ளரக் கையிலயே வெச்சிக்கினு இருப்பாங்க" என்றார் டீச்சர். "தம்பி வானத்தப் பாத்தாரு. அப்புறம் கீழ வெச்சிட்டாரு."

சன்மதி அந்த டம்ளரைப் பார்த்தாள். "நான் சொல்லல. அவரா ஆரம்பிச்சதுதான்" என்றாள் மெல்ல. கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து இனியவன் அவர்கள் சாப்பாட்டுக்கே மாறிவிட்டானாம். அன்று பூ வாங்கத் திண்டிவனம் போனவனுக்கு வழியில் சாப்பிட அவளே பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். பூ வர நேரமாகி, அவன் பங்களாவுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

இனியவன் எழுந்தான்.

"சைடு கேட்டாண்ட தீவட்டியோட ஒருத்தர் நின்னுகினு இருந்தாரு. பாத்ததும் பதறிட்டேன். அதுங்களும் ஒரு குடும்பம்தானேன்னு சன்மதி சொல்லியிருந்தா. நாளைக்கு எங்க கல்யாணம். அதான் வேணாம்னு அனுப்பிட்டேன்."

"மேடை மாமரத்தடியிலதான்னு நெனச்சீங்க."

"ஆமா. காலையில ஃப்ரெண்ட்ஸக் கூப்புட பஸ் ஸ்டாண்டு போயிட்டேன். மாத்தினது தெரியாது."

இதுவரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாத கதை. டீச்சர் விட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

"வந்தவர யாரு வரச் சொன்னதுன்னு கேட்டீங்களா தம்பி?"

"கேக்கல."

"ஏன்?"

இனியவன் முதல் தடவையாக மாமா பக்கம் திரும்பினான். மாரியப்பன் அவனை வளர்த்தவர். அப்பா இல்லாத பிள்ளையைத் தோளில் தூக்கி, வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தவர்.

"மாமாதான் வரவழைச்சிருப்பாருன்னு நெனச்சேன்" என்றான். "எங்க ஆளுங்கதான் இப்பிடிச் செய்வாங்கன்னு நானே முடிவு பண்ணிக்கினேன். இவங்க பாத்தா நம்மள கேவலமா நெனப்பாங்கன்னு சத்தமில்லாம அனுப்பிட்டேன். காலையில அவரப் புடிச்சப்பவும், வேற எதுனா பண்ணிட்டாரோன்னுதான் எனக்கும் தோணிச்சி. அதான் வாயத் தொறக்கல."

வேப்பமரத்தடியில் இருந்தவர் எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வீங்கிய விரல்களால் பொத்தானைப் போட முடியவில்லை. இனியவன் ஓடிப்போய்க் கை வைத்தான். மாரியப்பன் அந்தக் கையை மெதுவாக எடுத்து விட்டார். சட்டையைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பேசினார்.

"அவங்க என்ன சந்தேகப்பட்டாங்க. அவங்களுக்கு என்னத் தெரியாது" என்றார். "உனுக்குமா தெரியாது?"

இனியவன் தலையைக் குனிந்துகொண்டான். மாரியப்பன் இரண்டு வீட்டாரையும் பொதுவாகப் பார்த்தார்.

"கல்யாணம் நடக்கட்டும். தாய்மாமன் செய்ய வேண்டியது எல்லாம் நான் செய்வேன், அதுல கொற வெக்க மாட்டேன். ஆனா இந்தக் கல்யாணத்துல நான் கை நனைக்க மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு தண்டனை கிடையாது. கல்யாண வீட்டில் சாப்பிடாமல் போகிற ஒரே ஒரு மனுஷன் போதும். அந்தச் சாப்பாடு மற்றவர்கள் தொண்டையில் இறங்காது. அவர் போலீஸில் சொல்லியிருந்தால்கூட அங்கிருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமரத்தடியில் தாலி கட்டினார்கள். பனைமரத்தைச் சுற்றி எட்ட நிற்கும்படி கயிறு கட்டியிருந்தது. கதண்டு தன் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. மாரியப்பன் புது வேட்டி கட்டி, மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுத்து, எதையும் விட்டுவிடாமல் செய்தார். பந்தி ஆரம்பித்ததும் தோட்டத்தில் போய் நின்றுகொண்டார். அதன் பிறகு ஸ்ரீசந்திரன் இலை முன் உட்காரவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். நான் ஊதிய கல்யாணங்களில் எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன். இவ்வளவு அமைதியான பந்தியைப் பார்த்ததில்லை. பாயசம்கூட எனக்கு இறங்கவில்லை.

பந்தி கலைகிற நேரத்தில் மாரியப்பன் பின்பக்கம் சமையல்கட்டுக்குப் போய், ஒரு பொட்டலம் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டார். வெங்காயம் போடாதது வேண்டும் என்றார். அந்தச் செய்தி ஒரு நொடியில் பங்களா முழுக்கப் பரவிவிட்டது. கோபம் இறங்கிவிட்டது, வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிடப் போகிறார் என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஸ்ரீசந்திரன் தானே இலையை வாட்டி, தானே சாதம் வைத்து, தானே நூல் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

மாரியப்பன் பொட்டலத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு முன்வாசல் கேட் வழியாக வெளியே வந்தார். நான் ஸ்கூட்டரோடு காத்திருந்தேன். முந்தின நாளிலிருந்து அவருக்கு எதையாவது செய்யாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஸ்ரீசந்திரனும் வழியனுப்ப கேட் வரைக்கும் வந்திருந்தார்.

"வூட்லயே விட்டுடறேன், ஏறுங்க" என்றேன்.

"வூட்டுக்கு இல்ல, விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு" என்றார். "அந்த சின்ன நயினாரு கெடக்கறாரு இல்ல. இங்க கல்யாண அமளியில யாருக்கும் நெனப்பு இல்ல. அங்க குடுக்கறதுல வெங்காயம் இருக்கும், தொட மாட்டாரு. நேத்துலேருந்து பட்டினிதான் கெடந்திருப்பாரு. பொழுது சாயறதுக்குள்ள போயாவணும். ஜல்தியா ஓட்டு."

ஸ்ரீசந்திரன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மயிலம் தாண்டியதும் எப்படியோ சொல்லிவிட்டேன். "அந்தத் தீவட்டிய எடுத்துக் கத்தினது நான்தாங்க."

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் மாரியப்பன்.

வெயில் இன்னும் உச்சியை விட்டு இறங்கவில்லை. வண்டிக் கண்ணாடியில் அவர் முகமும், பையை நெஞ்சோடு பிடித்திருந்த வீங்கிய கைகளும் தெரிந்தன. நான் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.